ஆடி மாதம் காலியாகக் கிடந்த வீடு

என் மூத்த பிள்ளைக்கு, நீ படுக்கும் பாய்க்கு ஆறடி தள்ளி உட்கார்ந்து அம்மா எழுதுவது.

நேற்று சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்ததும் வராததுமாகச் சட்டைப் பையிலிருந்து அந்த அரசாங்கக் காகிதத்தை எடுத்து என் கையில் வைத்து, "படிச்சுப் பாரும்மா" என்றாய். படித்தேன். நாம் இத்தனை வருஷமாகப் பின்பக்க லைனில் ஒற்றை அறையில் குடியிருக்கும் இதே ரிச்சர்ட்ஸ் டவுன் காம்பவுண்டில், முன்பக்கத்து வீட்டை உன் பெயருக்கு ஒதுக்கியிருப்பதாகவும், பத்து நாளுக்குள் சாவி வாங்கிக் குடியேற வேண்டும் என்றும் அதில் டைப் அடித்திருந்தது. ஊர் முழுக்க வீட்டுக்கு அலையும்போது சர்க்கார் குமாஸ்தா ஒருவனுக்கு இருபத்துமூன்று வயதில் இரண்டு அறை, தனிச் சமையல்கட்டு, வீட்டுக்குள்ளேயே குழாய். வேறொருத்தியாக இருந்தால் உன்னைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பாள். நான் காகிதத்தை மடித்து அரிசி டின்னின் மேல் வைத்துவிட்டு, "கை கால் கழுவிக்கிட்டு சாப்பிட வா" என்றேன். உன் முகம் தொங்கிப் போனதைப் பார்த்தேன். அப்புறம் நடுவில் தொங்கும் சேலைக்கு அந்தப் பக்கம் உன் மனைவி வசந்தா, "நாம தனியா போறது அத்தைக்குப் பிடிக்கல போல" என்று உன்னிடம் கிசுகிசுத்ததும் என் காதில் விழுந்தது. ஒற்றை அறையில் எதுதான் காதில் விழாமல் இருக்கும்? அதனால்தான் வாயால் சொல்லாமல் எழுதுகிறேன். ஆபீசில் வைத்துப் படி.

வசந்தா சொன்னதில் பாதி உண்மை. எனக்கு அவளைப் பார்த்துப் பொறாமையாகத்தான் இருக்கிறது. மறைத்துப் பிரயோஜனம் இல்லை. கல்யாணமாகி மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் அவள் நின்ற இடத்திலிருந்து கையை நீட்டிக் குழாயைத் திருகப் போகிறாள். நானோ இருபத்தைந்து வருஷமாகத் தெருக் குழாயில் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு, வரிசையில் எவளாவது முந்திவிடுவாளோ என்று அந்தக் குடத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறவள். நேற்றுச் சோறு போடும்போது அவள் வளையலைப் பார்த்தேன், அந்தக் கைக்கா அந்தக் குழாய் என்று வயிறு எரிந்தது. ஆனால் நான் சிரிக்காததற்கு அது மட்டும் காரணம் இல்லை. அந்த வீட்டின் மேல் எனக்கு ஒரு பழைய எரிச்சல் இருக்கிறது. அதன் கதையை உன் அப்பாவிடம்கூட நான் இதுவரை சொன்னதில்லை.

உனக்கு அப்போது ஏழு வயது. முன் வீட்டில் ரயில்வேயில் வேலை பார்த்த சட்டைக்காரக் குடும்பம் ஒன்று இருந்தது, ஆங்கிலோ இந்தியர்கள், உனக்கு நினைவிருக்கலாம், அந்த அம்மாள் உனக்கு பிஸ்கட் கொடுப்பாள். சுதந்திரம் வந்து சில வருஷத்தில் அவர்கள் மாதிரி பலர் கப்பலேறினார்கள், இவர்களும் ஏறினார்கள். வீடு காலியானது. காம்பவுண்டின் சொந்தக்காரி ஒரு கிறிஸ்தவ விதவை, பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் டீச்சரம்மா என்போம். அவருக்கு அன்றைக்கே தூக்கம் போய்விட்டது. ஏனென்றால் அப்போதே சர்க்கார் சட்டம் போட்டிருந்தது: வீடு காலியானால் வீட்டுக்காரர் வாடகைக் கட்டுப்பாட்டு ஆபீசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், அவர்களிடம் உள்ள வரிசைப்படி யாருக்கு வீடு என்று அவர்கள்தான் சொல்வார்கள், வாடகை எவ்வளவு என்பதையும் அவர்களே சொல்வார்கள். ஏழைக்கு வீடு கிடைக்க வேண்டும் என்றுதான் சட்டம். ஆனால் வரிசையில் முன்னால் நின்றதெல்லாம் மாற்றலாகி வந்த ஆபீசர்கள். மில் வேலைக்காரன் மனு போட்டால் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். உன் அப்பாவின் மனு இன்னும் அங்கே எங்காவது கட்டோடு கட்டாக இருக்கும். டீச்சரம்மாவுக்கோ முகம் தெரியாத ஆபீசர் வந்து உட்கார்ந்துகொண்டு ஆயுசுக்கும் எழுந்திருக்க மாட்டான் என்று பயம். சட்டத்துக்கு எல்லோரும் பயந்தோம், ஆளுக்கு ஒரு விதமாக.

அவர் என்னைக் கூப்பிட்டார். "பாரும்மா, வீடு காலியா இருக்குன்னு வெளிய தெரியக் கூடாது. நீ உன் சமையலை அங்க வெச்சுக்கோ. துணிய முன்னாடி கொடியில காயப் போடு. புகை வந்துக்கிட்டு இருந்தா ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்றார். கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளிலிருந்து விடிந்ததும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு முன் வீட்டுக்குப் போனேன். உன் சட்டை, உன் தங்கைகளின் பாவாடை, உன் அப்பாவின் மில் பனியன் எல்லாம் முன் கொடியில் ஆடின. ஜன்னலுக்கு ஒரு பழைய சேலையைக் கிழித்துத் திரை தைத்துப் போட்டேன். அதை யாரும் போடச் சொல்லவில்லை. மாடத்தில் மஞ்சள் குங்குமம் வைத்தேன், அதையும் யாரும் சொல்லவில்லை. இரண்டு மாதம் அந்தச் சமையல்கட்டில் நின்று சமைத்தால் அது யாருடையது என்று மனசுக்கு எப்படித் தெரியும்? டீச்சரம்மா வாயைத் திறந்து உனக்குத் தருகிறேன் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. நானாகத்தான் முடிவு செய்துகொண்டேன். வேறொருத்திக்குக் கொடுப்பதற்கா என்னை அடுப்பு மூட்டச் சொல்வார் என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் உன் கௌரி சித்தி வந்தாள். என் கூடப்பிறந்தவள், என்னைவிட ஆறு வயது இளையவள். கோலார் தங்கவயலில் நாங்கள் பிறந்த சுரங்க லைனில் எங்கள் அப்பா இருமி இருமிச் செத்த பிறகு, அவளை நான்தான் தலைவாரி வளர்த்தேன். அவள் புருஷனுக்கு, அதாவது உன் சித்தப்பாவுக்கு, இங்கே புதிதாக ஆள் எடுத்த ஒரு பாக்டரியில் வேலை கிடைத்திருந்தது. தங்க இடம் இல்லை. "அக்கா, ஒரு மாசம், ரெண்டு மாசம்" என்று டிரங்குப் பெட்டியோடு வந்து நின்றாள். வா என்றேன். இந்த ஒற்றை அறைக்கு நடுவில் முதன்முதலில் சேலை கட்டியது அவர்களுக்காகத்தான். நாம் ஐந்து பேர், அவர்கள் இரண்டு பேர். கௌரி என்னோடு முன் வீட்டுக்கு வந்து எனக்குக் கூடமாட வேலை செய்தாள். நான் அடுப்பைப் பார்த்தால் அவள் தரையைத் தேய்ப்பாள். அவள் தேய்த்தால் சிவப்புத் தரையில் முகம் தெரியும். டீச்சரம்மா கண்ணில் அது பட்டது. எனக்கும் பட்டது.

ஆனி முடிகிற சமயம். டீச்சரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கோவிச்சுக்காதேம்மா. வீட்டைக் கௌரிக்கு விடலாம்னு இருக்கேன். புருஷன் பெஞ்சாதி ரெண்டே பேர். உன் வீட்ல மூணு பசங்க. உன் மகன் ஹால் சுவத்துல என்ன பண்ணி வெச்சிருக்கான் பாத்தியா?" என்றார். போய்ப் பார்த்தேன். வெள்ளைச் சுவரில் நீ கரியால் ரயில் வண்டி வரைந்திருந்தாய், ஏழெட்டுப் பெட்டி, கடைசியில் கொடி பிடித்த கார்டு. அன்றைக்கு உன்னை விறகுக் குச்சியால் அடித்தேன். பாடம் படிக்காததற்கு என்று உன் அப்பாவிடம் சொன்னேன். நீ எதற்கு அடி வாங்குகிறோம் என்று தெரியாமலே அழுதாய். இன்றைக்குச் சொல்கிறேன், அந்த ரயில் அழகாக இருந்தது. பிள்ளை பெற்றது என் குற்றமாகிப் போனது, அதற்கு நீ அடி வாங்கினாய். உனக்குக் குழந்தை பிறந்து சுவரில் கிறுக்கினால் அடிக்காதே.

கௌரிக்கு விஷயம் தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் பசங்களும் பகலெல்லாம் அங்கயே இருங்க அக்கா, எனக்கென்ன ரெண்டு அறை" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். அது என்னை இன்னும் எரித்தது. என் வீட்டில் எனக்கு இடம் கொடுக்கிறாளாம். அன்றிலிருந்து அவள் எது செய்தாலும் எனக்குக் குற்றமாகப் பட்டது. அவள் பூ வைத்தால், யாருக்குக் காட்ட என்று தோன்றியது. அவள் வாந்தி எடுத்தாள், நாள் தள்ளிப் போயிருந்தது. அதற்கும் நான் சந்தோஷப்படவில்லை. குழந்தை இல்லாதவளுக்குத்தானே வீடு, இனி என்ன சொல்வார் டீச்சரம்மா என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு அக்கா நினைக்கிற நினைப்பா இது? ஆனால் நினைத்தேன்.

டீச்சரம்மா, "எங்களுக்கு ஆடியும் கிடையாது ஆவணியும் கிடையாது, நாளைக்கே சாமானை எடுத்துட்டு வாங்க" என்றார். உன் சித்தப்பாவும் தயார். நான்தான் குறுக்கே நின்றேன். "ஆடி பொறக்குது. ஆடியில யாராவது குடி போவாங்களா? அதுவும் வாயும் வயிறுமா இருக்கறவ. ஆவணி மொத வெள்ளிக்கிழமை பால் காய்ச்சிக்கலாம்" என்றேன். பெரியவள் சொன்னால் கௌரிக்கு அதற்கு மேல் பேச்சில்லை. நம் ஜனங்களில் யாரும் ஆடியில் வீடு மாற மாட்டார்கள், அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கு மட்டும் தெரியும். இன்னும் ஒரு மாதம் அந்தச் சமையல்கட்டு எனக்கே இருக்கட்டும் என்றுதான் ஆடியைக் கொண்டு வந்து நடுவில் வைத்தேன். சாமி பேரையும் சாங்கியத்தையும் சொல்லித் தன் வயிற்றெரிச்சலைத் தீர்த்துக்கொள்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர், உன் அம்மா அதில் ஒருத்தி.

ஆடி கடைசி வாரம், காலை பத்து மணி இருக்கும். முன் வீட்டில் பருப்பை வேக வைத்துவிட்டு, துவைத்த துணியைக் கொடியில் போட வெளியே வந்தேன். கௌரி தலைசுற்றுகிறது என்று பின்னால் நம் அறையில் படுத்திருந்தாள். கேட்டைத் திறந்துகொண்டு ஒருவர் சைக்கிளைத் தள்ளியபடி வந்தார், கையில் பைல். வாடகை ஆபீஸ் இன்ஸ்பெக்டர். எந்தத் தெருவில் எந்த வீடு காலி என்று பார்த்துக்கொண்டு வருகிறார். "ஈ மனெல யாரம்மா இருக்கறது?" என்று பாதிக் கன்னடத்தில் கேட்டார். இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற அந்தக் கேள்விக்காகத்தான் மூன்று மாதமாக நான் அங்கே அடுப்பு மூட்டினேன். நாங்கதான் சார் என்று ஒரு வார்த்தை. அதற்குத்தான் திரை, கொடி, புகை எல்லாம். என் கையில் உன் அப்பாவின் ஈர பனியன் இருந்தது. அதைப் பிழிந்துகொண்டே, "யாரும் இல்ல சார், காலி" என்றேன்.

அவரே நம்பவில்லை. "புகை வர்றதே?" என்றார். "அது நான் மூட்டின அடுப்பு சார். நாங்க பின்னாடி லைன்ல இருக்கோம். இங்க யாரும் குடி இல்ல" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வீடு காலி என்று தானாகச் சொல்கிற ஆளை அவர் பார்த்திருக்க மாட்டார். பைலில் எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, கவனி. வாழ்நாளில் நான் செய்த கேடான காரியத்தை உண்மை பேசித்தான் செய்தேன். உள்ளே போனால் பருப்புச் சட்டி அடுப்பிலிருந்து இறங்கி, மூடி போட்டு ஓரமாக இருந்தது. நான்தான் இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்திருப்பேன், பதற்றத்தில் மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணி பிறப்பதற்குள் வீடு ஒரு ஆபீசருக்கு ஒதுக்கப்பட்டது. டீச்சரம்மா ஆபீசுக்கு நடையாய் நடந்தார், ஒன்றும் நடக்கவில்லை. எந்தப் பாவி சொன்னானோ என்று தெருவில் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டார், என்னை மட்டும் சந்தேகப்படவில்லை. எத்தனை நாள் இந்த அறையில் ஏழு பேர் இருப்பது? உன் சித்தப்பா நகரம் முழுக்க அலைந்தார். அட்வான்ஸ் கேட்காத இடத்தில் பிள்ளைத்தாய்ச்சி வேண்டாம் என்றார்கள், வேண்டாம் என்று சொல்லாத இடத்தில் ஓலைக் கூரை ஒழுகியது. கடைசியில் நகரத்தை விட்டுத் தள்ளி அத்திபெலேயில் அவருக்குத் தெரிந்தவர் புளி மண்டியில் எடை போடும் வேலையும், மண்டிக்குப் பின்னால் ஒரு அறையும் கொடுத்தார். பாக்டரி வேலையை விட்டுவிட்டு மாட்டு வண்டியில் டிரங்குப் பெட்டியை ஏற்றினார். அவரோடு சேர்ந்தவர்களுக்கு நாலைந்து வருஷத்தில் பாக்டரியே காலனி கட்டி குவார்ட்டர்ஸ் கொடுத்தது, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றோடும். சித்தியின் மகன், உன் தம்பி சேகர், லாரியில் கிளீனராகப் போகிறான். நீ சர்க்கார் ஆபீசில் பேனா பிடிக்கிறாய். உங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்கும்போதெல்லாம் நான் ஏன் எழுந்து உள்ளே போகிறேன் என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

எனக்கு என்ன கிடைத்தது என்று கேள். ஆபீசர் வீட்டு அம்மாள் நல்லவள்தான். வந்த அன்றே என் திரையைக் கழற்றி, கரித்துணிக்கு ஆகும் என்று என்னிடமே கொடுத்தாள். பதினாறு வருஷம் அந்த வீட்டுப் புகை என் வாசல் வழியாகத்தான் போனது. சர்க்காரும் சும்மா இல்லை, புதுசு புதுசாக லேஅவுட் போடுகிறது, மனைக்கு மனு, வீட்டுக்கு மனு என்கிறது. நானும் குறை சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆனால் எங்கள் கௌரிக்கு வீடு இல்லாமல் போனதற்குச் சட்டத்தை மட்டும் சொல்லி என்னால் தூங்க முடியவில்லை. பற்றாக்குறை ஊருக்கு, வஞ்சனை எனக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி வந்ததை நீ பார்த்தாய். ஆபீசர் மாற்றலாகிப் போனதும், நீ அந்த வீட்டுக்கு மனு போட்டதும், எப்படியும் உனக்கு வந்துவிடும் என்று ஆபீசில் சொன்னதும் கேள்விப்பட்டு, வழக்கம் போல ஒரு கூடைப் புளியோடு வந்தாள். வருஷா வருஷம் கொட்டை எடுத்து, நார் எடுத்து, உருட்டிக் கொண்டுவந்து தருகிறாளே, அந்தப் புளி. நீ கடைக்குப் போயிருந்தாய். வசந்தாவின் அம்மாவும் வந்திருந்தாள். அவள், "ஆர்டரே வந்தாலும் இது ஆடி மாசம், ஆவணியில போகட்டும்" என்றாள். கௌரிதான், "ஆடி கீடின்னு பாக்காதீங்க. வீடு நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காது" என்றாள். சொல்லிவிட்டு, கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த வசந்தாவைப் பார்த்து, சிரித்துக்கொண்டே, "அந்த வீட்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோ பொண்ணே. அடுப்புக்கு மேல ஜன்னல் இருக்குல்ல, வாசல்ல கொடி கட்டற இடத்துல யார் என்ன பேசினாலும் அடுப்பாண்ட நல்லா கேக்கும். அங்க நின்னு மாமியாரைத் திட்டாதே" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். என் கையில் இருந்த புளி உருண்டை கீழே விழுந்தது. பருப்புச் சட்டியை இறக்கி வைத்தது யார் என்று பதினாறு வருஷம் கழித்துத் தெரிந்தது. பின் கதவு வழியாக வந்திருக்கிறாள். அடுப்படியில் நின்று, யாரும் இல்ல சார் என்று கூடப்பிறந்தவள் சொன்னதைக் கேட்டிருக்கிறாள். பருப்பு அடிப்பிடிக்கக் கூடாது என்று சட்டியை இறக்கி, மூடியும் போட்டுவிட்டு, வந்த வழியே போய்ப் படுத்துக்கொண்டிருக்கிறாள். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவர் நம் வீட்டு வாசலை மிதித்திருக்க மாட்டார். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் புளிக் கூடையைக் காலி செய்துகொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லட்டுமா? அப்போதும் எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, பொறாமைதான். இவ்வளவையும் வயிற்றில் வைத்துக்கொண்டு எனக்குப் புளி உருட்ட அவளால் முடிகிறதே, என்னால் ஒரு குழாய்க்காக மருமகளைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லையே என்று.

ஆகையால் கேள். ஆடி என்று யார் சொன்னாலும், உன் மாமியார் சொன்னாலும், காத்திருக்காதே. நாளைக்கே சாவியை வாங்கு. எங்களையும் கூட வரச் சொல்வாய், வேண்டாம், நாங்கள் பின் லைனிலேயே இருக்கிறோம். ஒரு சமையல்கட்டில் இரண்டு பெண்களை நிற்க வைக்காதே, அதிலும் ஒருத்தி நானாக இருந்தால் வேண்டவே வேண்டாம். சேகருக்கு உன் ஆபீசில் எடுபிடி வேலையாவது கிடைக்குமா என்று கேள், கிடைத்தால் அவன் உன் ஹாலில் படுக்கட்டும். வசந்தா முணுமுணுத்தால் இந்தக் கடிதத்தை அவளிடம் கொடு.

வெள்ளிக்கிழமை அத்திபெலேக்குப் போய்ச் சித்தியைக் கூட்டிக்கொண்டு வா. வசந்தா வேண்டாம், நானும் வேண்டாம். அந்த அடுப்பை மூட்டிப் பால் காய்ச்ச வேண்டியவள் அவள்தான், பதினாறு ஆடி தாமதமாகிவிட்டது. அவள் உள்ளே பாலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என்னைத் தேடாதீர்கள். நான் வெளியே கொடி கட்டும் இடத்தில் நிற்பேன். அவள் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. அங்கே நின்று சொல்கிறேன். அடுப்பாண்ட நல்லா கேட்கும்.

அம்மா